முதிய காவல் நாயின் முனகல்

திரியாய் வயல்களில் காட்டுப்பன்றி நுழைவதை முதலில் அறிவிப்பது காவல் நாயே. பத்து வயது கடந்த அத்தகைய நாய் இரவில் முனகுமாயின் அடித்து அடக்க முயல்வது வீண், நன்றிகேடுமாகும். படுத்து எழும்போது முனகல் மிகுமாயின் மூட்டுவலி எனக் கொள்ளலாம். ஈரத்தரையை விடுத்து, வைக்கோல் பரப்பிச் சாக்கு விரித்துப் படுக்கவிடுக. மனிதருக்குரிய பரசிற்றமோல் முதலிய வில்லைகளைக் கொடுத்தலாகாது. அவை நாய்க்கு நஞ்சாகலாம். மருந்தினைக் கால்நடை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

கண்ணும் செவியும் மங்கிய நாய் இருளில் திகைத்து முனகுவதுமுண்டு. அதன் படுக்கையை இடம் மாற்றாது, அருகே சிறு விளக்கு வைத்தல் நன்று.

குரல் திடீரென மாறி, உமிழ்நீர் வடிந்து, விழுங்க இயலாதிருப்பின் விசர்நோயை ஐயுறுதல் வேண்டும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாயில் கைவிடுவோர் பலர்; அது உயிராபத்து. கடியோ உமிழ்நீரோ பட்ட காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.