டாங்கி மாடல் வாங்கப் போறீங்களா? அட்டைப் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க!

எனக்குப் பிளாஸ்டிக் டாங்கி மாடல் செய்வது பொழுதுபோக்கு. சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மை டாங்கி இல்லைங்க. உண்மையான ராணுவ டாங்கியின் அளவை வகுத்து, பாகம் பாகமாக அச்சில் வார்த்து, ஒரு பெட்டியில் போட்டுத் தருவார்கள். நாம்தான் வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். இதற்குக் 'கிட்' என்று பெயர்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சிங்கப்பூர் மாமா "உனக்கு என்ன வேணும்டா?" என்று போனில் கேட்டார். நான் பெட்டியின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ரஷ்யாவின் டி-34 கிட் ஒன்றைச் சொன்னேன். பனியில் டாங்கி சீறிக்கொண்டு வருகிற படம். பெட்டியைத் திறந்தால் உள்ளே அறுநூறுக்கு மேல் பாகம்! சக்கரத்தைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. ஒரு பக்கத்துக்கே எழுபதுக்கு மேல் வரும். முப்பதாவது கண்ணியில் என் பொறுமை போய்விட்டது. இன்றைக்கும் அது பரணில்தான் கிடக்கிறது. அப்பா பரணில் ஏதாவது எடுக்கும்போதெல்லாம், "மாமா காசு இங்க தூங்குது பாரு" என்பார்.

இந்த வருஷம் மாமா மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை தப்பு பண்ணக் கூடாது. ஏனென்றால் இது எனக்காக இல்லை, என் தாத்தாவுக்காக. அவர் ராணுவத்தில் டாங்கி மெக்கானிக்காக இருந்தவர். 1971 போர் சமயத்தில் செஞ்சூரியன் டாங்கிகளைப் பழுது பார்த்த பட்டறையில் வேலை. (அந்தப் போரில் பசந்தர் ஆற்றுப் பகுதியில் 21 வயதில் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் ஓட்டிச் சென்ற படை செஞ்சூரியன் படைதான்.) தாத்தாவுக்கு இப்போது பார்வை ரொம்ப மங்கிவிட்டது. எதையும் தடவித்தான் பார்ப்பார். அதனால் செஞ்சூரியன்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் எந்தச் செஞ்சூரியன்?

முதலில் அளவு. பெட்டியில் 1/35, 1/48, 1/72 என்று போட்டிருக்கும். நம் கணக்குப் பாடத்தில் வரும் விகிதம்தான். செஞ்சூரியனின் உடல், பீரங்கிக் குழலை விட்டுவிட்டால், சுமார் 7.6 மீட்டர் நீளம். அதை 35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 செ.மீ. 48-ஆல் வகுத்தால் 16 செ.மீ. 72-ஆல் வகுத்தால் பத்தரை செ.மீ. தான், நம்ம ஜாமெட்ரி பாக்ஸை விடச் சின்னது. வாங்குவதற்கு முன் ஸ்கேலை வைத்துத் தரையில் கோடு போட்டுப் பாருங்கள், உடனே புரியும். வீட்டில் இடமில்லை, நிறைய டாங்கி சேர்க்கணும் என்றால் 1/72 நல்லது, விலையும் குறைவு. எனக்கு அது உதவாது. தாத்தா விரலுக்குச் சக்கரம் சக்கரமாகத் தெரியணுமே! அதனால் 1/35.

இந்த 35 என்ற எண் எப்படி வந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கியை மோட்டார் வைத்து ஓடுகிற மாடலாகச் செய்தது. உள்ளே ரெண்டு பேட்டரி உட்கார வேண்டும், அதற்கேற்ற மாதிரி உடம்பை வைத்தார்கள். அப்புறம் அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு வந்தது! அடுத்தடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள், மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன. பேட்டரி போட்ட கணக்குதான் உலகம் முழுக்க ஓடுகிறது.

அடுத்தது சங்கிலிப் பட்டை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தனித்தனிக் கண்ணி பார்க்க அழகு. உண்மையான டாங்கியில் இரும்புப் பட்டையின் மேல்பகுதி தன் எடையால் தொய்ந்து சக்கரத்தின் மேல் படிந்திருக்கும், அது தனிக் கண்ணியில் அப்படியே வரும். ஆனால் நாள்கணக்கில் வேலை. இன்னொரு வகை, ரப்பர் மாதிரி வளைகிற ஒரே பட்டை. அஞ்சு நிமிஷத்தில் மாட்டிவிடலாம், ஆனால் தொய்வு வராது, விறைப்பாக நிற்கும். பழைய கிட்டுகளில் வரும் பட்டை மாடல் பசைக்கு ஒட்டாது. ஸ்க்ரூ டிரைவர் முனையைச் சூடு பண்ணி, பட்டையின் முளையை உருக்கித்தான் இணைக்கணும் (வீட்டில் பெரியவங்களை வைத்துக்கொண்டு செய்யுங்க). மூன்றாவது வகை, நீளமான துண்டுகள் நேர்ப் பகுதிக்கு, தனிக் கண்ணிகள் வளைவுக்கு மட்டும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு ரப்பர் பட்டை போதும் என்பது என் கருத்து.

அச்சு எந்தக் காலத்தது என்பதையும் பார்க்கணும். அம்பது வருஷத்துக்கு முந்தைய அச்சிலிருந்தும் புது அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். மோட்டார் வைத்து ஓட்டிய காலத்துக் கிட் என்றால் அடியில் ஸ்விட்ச்சுக்கு விட்ட ஓட்டை கூட அப்படியே இருக்கும்! புது அச்சில் நுணுக்கம் அதிகம், ஆனால் பாகமும் அதிகம். முடி மாதிரி மெல்லிய பித்தளைத் தகடுகள் வேறு வரும். அலமாரியில் வைக்கிறவர்களுக்கு அது பிரமாதம். தடவிப் பார்க்கிற கைக்கு ஒரே நாளில் பிய்ந்துவிடும்.

பெட்டியில் 'மார்க்' எண்ணையும் படியுங்கள். செஞ்சூரியன் ஒன்றில்லை, பல மார்க். முந்தையவற்றில் 20 பவுண்டர் பீரங்கி, பிந்தையவற்றில் 105 மி.மீ. தாத்தா வேலை பார்த்தது மார்க் 7. எனக்குக் கிடைத்த, ரப்பர் பட்டை போட்ட பழைய கிட் மார்க் 3. மூன்று நாள் தூக்கம் வரவில்லை. கடைசியில், சரியான டாங்கி இன்னொன்று பரணுக்குப் போவதை விடக் கொஞ்சம் தப்பான டாங்கி தாத்தா கைக்குப் போகட்டும் என்று அதையே சொன்னேன். பசை, பெயின்ட், உப்புத்தாள் செலவு தனி. அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் சேர்க்காமல் அக்காவிடம் கடன் வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடிக்கும் முன்பே தாத்தா மடியில் வைத்தேன். பக்கவாட்டில் விரலை ஓட்டி, "ஒண்ணு, ரெண்டு... ஆறு. சக்கரம் சரி" என்றார். முன்பக்கம் வலதுபுறம் தடவி, "டிரைவர் இங்கதான்" என்றார். பீரங்கிக் குழலில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. நான் மூச்சு விடவில்லை.

"இது நம்ம வண்டிக்கு அண்ணன்டா, முன்னாடி பொறந்தது" என்று சிரித்தார். அப்புறம் பின்பக்கம் இன்ஜின் மூடியைத் தட்டி, விமான இன்ஜினிலிருந்து வந்த 650 குதிரைசக்தி மீட்டியர் இன்ஜினைப் பற்றியும், அது பெட்ரோலைக் குடித்த குடியைப் பற்றியும் ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசினார். பாட்டி ரெண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

பெயின்ட் காய்ந்ததும் பள்ளிக்கு எடுத்து வருகிறேன். பரணில் இருக்கும் டி-34 யாருக்காவது வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் வந்து கேளுங்கள். மீதிக் கண்ணிகளை எண்ணி, கவரில் போட்டுத் தருகிறேன்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்