அப்பர் பெருமான் சுமந்தது ஒன்றே

திருத்துறைப்பூண்டியில் எழுந்தருளியிருக்கும் ஈசனின் திருநாமம் பிறவி மருந்தீசர். பிறவி என்னும் பெரும்பிணிக்குத் தாமே மருந்தாக நிற்பவர் என்பது அதன் பொருள். அசுவினி நட்சத்திரத்தார் வழிபட வேண்டிய தலமாகவும் இது போற்றப்படுகிறது. அசுவினி தேவர்களோ வானுலக மருத்துவர்கள். எனவே உடற்பிணியும் மனப்பிணியும் நீங்க வேண்டி மூத்த அடியார்கள் பலர் இங்கு வருகின்றனர். ஆனால் யாத்திரை முடிந்து புதியதொரு பிணியோடு வீடு திரும்புவோரும் உண்டு. வேளை தவறிய மாத்திரை, வெயிலில் சுட்ட பாதம், கனத்த பையைத் தூக்கியதால் பிடித்துக்கொண்ட இடுப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் காரணமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வூரைத் தங்குமிடமாகக் கொண்டால் ஏழு விடங்கத் தலங்களையும் நிதானமாகத் தரிசிக்கலாம். திருவாரூரில் வீதிவிடங்கர், திருநள்ளாற்றில் நகவிடங்கர், நாகையில் சுந்தரவிடங்கர், திருக்காறாயிலில் ஆதிவிடங்கர், திருக்கோளிலியில் அவனிவிடங்கர், திருவாய்மூரில் நீலவிடங்கர், திருமறைக்காட்டில் புவனிவிடங்கர் என ஈசன் அருள்பாலிக்கிறார். திருக்காறாயில் இன்று திருக்காரவாசல் என்றும், திருக்கோளிலி திருக்குவளை என்றும், திருமறைக்காடு வேதாரண்யம் என்றும் வழங்கப்படுகின்றன.

இந்தத் தலங்களுக்கெல்லாம் அப்பர் பெருமான் நடந்தே வந்தார். திருமறைக்காட்டில் அடைபட்டுக் கிடந்த கதவம் அவர் பாடத் திறந்தது. சம்பந்தப் பெருமான் பாட மூடியது. அன்றிரவே ஈசன் கனவில் தோன்றி வாய்மூருக்கு அழைக்க, அப்பர் எழுந்து உடன் நடந்தார் என்கிறது பெரியபுராணம். அழைத்த கணத்தில் புறப்பட அவரால் முடிந்தது எப்படி? மூட்டை கட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இன்றும் கோயில்களில் அவரது திருவுருவத்தை அடையாளம் காட்டுவது தோளில் சாய்ந்திருக்கும் உழவாரப்படை ஒன்றே. வழியில் முளைத்த புல்லைச் செதுக்கித் திருவீதியைத் தூய்மை செய்வதற்கான கருவி அது. சென்ற இடத்தில் அவர் எதையும் விட்டு வரவில்லை. இருந்த குப்பையையும் அகற்றிவிட்டு வந்தார்.

அன்று சத்திரம், இன்று பை

பழங்கால யாத்திரிகர்கள் குறைவாகச் சுமந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டிவைத்தனர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் சாதி வேறுபாடின்றி உணவு தரப்படுவதையும், நோயுற்ற பயணிகளுக்கு மருந்தும் பத்திய உணவும் தந்து குணமாகும்வரை பேணுவதையும் எடுத்துரைத்துள்ளார். வழியில் கவனிக்க ஆள் உண்டு என்ற நம்பிக்கையே பாதிச் சுமையைக் குறைத்தது.

இன்று அந்த நம்பிக்கையின் இடத்தை அச்சம் பிடித்துக்கொண்டது. இருந்தால் உதவும் என்று எடுத்து வைக்கும் ஒவ்வொரு பொருளும் பையைக் கனக்கச் செய்கிறது. மூன்று நாள் பயணத்திற்கு இரண்டு மாற்றுப் பருத்தி ஆடைகள் போதும். துவைத்துப் போட்டால் டெல்டாவின் வெயிலில் உலர்ந்துவிடும். ஒரு துண்டு, எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரம், தட்டு, டம்ளர், விபூதிச் சம்புடம், சிறு டார்ச் விளக்கு, மூக்குக் கண்ணாடி, மருந்துப் பை, மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் நகல் ஆகியவை அவசியம். எல்லாம் தோளில் மாட்டும் ஒரே பையில் அடங்க வேண்டும். இரயில் படியேறும்போது இரு கைகளும் கம்பியைப் பிடிக்கக் காலியாக இருக்க வேண்டும் அல்லவா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குச் செல்லும் 37 கிலோமீட்டர் அகலப் பாதை 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இறைவனின் திருமணக் கோலத்தை அகத்தியர் கண்ட தலம் அகஸ்தியம்பள்ளி. இரயில் நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்து புறப்படுதல் நலம்.

விட்டு வரக்கூடாதவை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, கோயில் வாசலில் வீசப்படும் பையைப் பசு தின்கிறது. கோடியக்கரையிலோ 1967ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டில் வெளிமான்கள் மேய்கின்றன. கோடிக்குழகரைத் தரிசிக்கச் செல்லும் அடியார் வீசும் ஒரு பை அந்த வாயில்லா உயிரின் வயிற்றுக்குப் போகக்கூடும்.

விளக்கிற்கான நல்லெண்ணெயைச் சிறு தூக்கில் எடுத்துச் செல்லலாம். பூவை இலையில் கட்டித் தரக் கேட்கலாம். பிரசாதத்தைத் தொன்னையிலோ, கொண்டு சென்ற தட்டிலோ பெறலாம். திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் நீராடியபின் உடுத்திய துணியை அங்கேயே விட்டு வரும் வழக்கம் பலரிடம் காணப்படுகிறது. நளன் அங்கு நீராடித் தர்ப்பாரண்யேசுவரரை வழிபட்டுத் துயர் நீங்கினான் என்பதே வரலாறு. குளத்து நீரைக் கெடுக்கும் செயல் பரிகாரம் ஆகாது. ஈரத் துணியைப் பிழிந்து வீட்டிற்கே எடுத்து வருதல் நன்று.

உடலும் ஓர் ஆலயம்

பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் திறக்கின்றன. இந்த ஒழுங்கு முதியோர்க்கு மிகவும் உகந்தது. காலையில் ஒரு தலம், மாலையில் ஒரு தலம், இடையில் உணவும் ஓய்வும் என வகுத்துக்கொண்டால் ஏழு தலங்களும் நான்கே நாட்களில் நிறைவுறும். ஒரே நாளில் ஐந்து கோயில் என ஓடினால் சந்நிதியில் கண் மூடி நிற்கவும் பொழுது இராது.

வெயில் ஏறியபின் பிரகாரக் கல் பாதத்தைச் சுடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்திற்கு அந்தச் சூடு தெரியாது; கொப்புளம் கண்ட பிறகே தெரியும். எனவே பிரகார வலத்தை வெயிலுக்கு முன் முடித்து, இரவில் உள்ளங்காலைப் பார்த்துத் துடைத்துவிட்டு உறங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு, தரிசனம் ஆகட்டும் என உணவைத் தள்ளிப்போடுதல் ஆபத்து. சர்க்கரை சட்டெனத் தாழ்ந்து மயக்கம் வரும். மடியில் சிறிது கற்கண்டு இருத்தல் நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் அருந்த வேண்டும். மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அதனை மீறலாகாது.

திருப்புகலூரில் அப்பர் உழவாரம் செய்தபோது மண்ணில் பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார் அவர். எண்பத்தொன்றாம் வயதில் அத்தலத்திலேயே ஈசன் திருவடி சேர்ந்தார் என்பர். அந்த முதுமையிலும் அவரை நடத்திச் சென்றது சுமையில்லாத தோளும் ஓயாத கைப்பணியுமே. அடுத்த யாத்திரைக்குப் பையை எடுக்கும் அடியார், உள்ளே வைத்த பொருட்களில் ஒன்றையேனும் வெளியே எடுத்துவிட்டுப் புறப்படட்டும். பிறவி மருந்தீசர் துணை நிற்பார்.