குற்றம் கிதாரிலா, பாட்டிலா?

பாடகர் விலைபோய்விட்டார், மக்கள் பாட்டைக் கைவிட்டுக் காசுப் பாட்டுக்குத் தாவிவிட்டார் — 1965-ல் அமெரிக்காவில் பாப் டிலான்மீது அவருடைய ரசிகர்களே சாட்டிய குற்றம் இது.

அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2016-ல் டிலானுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. இன்று பலர் அந்தப் பழைய கூச்சலை எண்ணிச் சிரிக்கிறார்கள். புதுமையைப் பொறுக்காத பழமைப் பித்தர்கள் என்று அந்த ரசிகர்களை ஏளனம் செய்கிறார்கள். நாம் சிரிக்கப் போவதில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. எழுப்பிய இடந்தான் தவறு.

டிலான் யார்? மினசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்னும் இரும்புச் சுரங்க ஊரில் வளர்ந்தவர். உழைப்பாளர் பாடகர் உடி கத்ரியை ஆசானாக வரித்துக்கொண்டு 1961-ல் நியூயார்க் வந்தவர். 1963 ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட்டில், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியவைக்கும் இயக்கத்துக்காக வயல்வெளியில் நின்று பாடினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல் வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் முழங்கிய அதே மேடையில் பாடினார். ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு குரல், அவ்வளவுதான். கேட்டவர்கள் அந்தக் குரலைத் தம் குரலாகவே எண்ணினார்கள்.

எண்ணியவர்களுக்கு ஐயம் வந்தது. 1964 நவம்பரில் 'சிங் அவுட்' என்ற நாட்டுப்பாடல் இதழின் ஆசிரியர் இர்வின் சில்பர் டிலானுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உமது புதுப் பாட்டுகள் உம்மையே சுற்றுகின்றன, மக்களைவிட்டு விலகுகிறீர் என்பது அதன் சாரம். 1965 மார்ச்சில் 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பக்கத்தில் ஏழு பாட்டு: மின்சாரக் கிதாரும் டிரம்முமாக முழு வாத்தியக் கோஷ்டி. மறுபக்கத்தில் நான்கு பாட்டு: ஏறக்குறையப் பழையபடி தனிக் கிதார். ஒரே தட்டில் இரண்டு டிலான்கள்! பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் முதலிடம்; அமெரிக்காவில் முதல் பத்துக்குள் இடம். விற்பனை ஏற ஏறச் சந்தேகமும் ஏறியது.

ஜூலை 25 இரவு, நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் அது வெடித்தது. கோஷ்டியுடன் மூன்று பாட்டுப் பாடி இறங்கினார் டிலான். கைதட்டலும் கூச்சலும் கலந்து எழுந்தன. மீண்டும் மேடையேறித் தனிக் கிதாருடன் இரண்டு பாட்டுப் பாடினார்.

கூச்சல் எதற்கு? அங்கே இருந்தவர்களே ஒரே பதில் சொல்லவில்லை. மின்சாரக் கிதாரே துரோகம் என்றனர் சிலர். ஒலிபெருக்கி சரியில்லை என்றனர் சிலர். மூன்றே பாட்டா என்று கொதித்தனர் சிலர். தொழிலாளர் கூட்டங்களில் பாடிப் பழகிய பீட் சீகர் அன்று கடுங்கோபம் கொண்டார். மின்கம்பியைக் கோடரியால் வெட்டப்போனார் என்றுகூடக் கதை பரவியது. சீகர் பிற்காலத்தில் தந்த விளக்கம் வேறு. கிதார்மீது கோபமில்லை, சொற்கள் காதில் விழவில்லையே என்பதுதான் கோபம் என்றார்.

காதில் விழாத அந்தச் சொற்கள் எவை? அன்று முதலில் பாடியது புதுத் தட்டிலுள்ள 'மேகீஸ் ஃபார்ம்'. பண்ணையில் இனி வேலை செய்யமாட்டேன் என்று ஒரு கூலியாள் மறுக்கும் பாட்டு அது! அதன் வேர், 1929-ல் பெண்ட்லி பாய்ஸ் என்னும் இருவர் பதிவுசெய்த பழம் பாட்டில் இருக்கிறது. வாரத்துக்கு உழும் குடியானவன் நிலக்காரனிடம் படும் அவதியைச் சொல்வது அந்தப் பாட்டு. உழைப்பாளியின் பாட்டு புதுச் சட்டை போட்டு வந்தது. உழைப்பாளிக்காகப் பேசியவர்களே சட்டையைப் பார்த்துச் சீறினார்கள்.

அந்தச் சட்டையாவது முதலாளியின் சட்டையா? அதுவுமில்லை. மடி வாட்டர்ஸ் மிசிசிப்பிப் பண்ணையில் பாடுபட்டவர். 1941-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் அறிஞர் அங்கேயே சென்று அவர் பாட்டைப் பதிவுசெய்தார். 1943-ல் பிழைப்புத் தேடிச் சிகாகோ போனார் வாட்டர்ஸ். பகலில் கூலி வேலை, இரவில் பாட்டு. தொழிலாளர் நிறைந்த மதுக்கடைச் சந்தடியில் மரக் கிதார் கேட்கவில்லை. மின்சாரக் கிதாரைக் கையிலெடுத்தார். 1958-ல் அதோடு இங்கிலாந்து போனபோது சிலர் முகம் சுளித்தார்கள். கறுப்பு உழவன் மரக் கிதாரோடுதான் வரவேண்டுமாம்! நியூபோர்ட்டில் டிலானுக்கு டிரம்மும் பேஸ் கிதாரும் வாசித்த சாம் லேயும் ஜெரோம் ஆர்னல்டும் அதே சிகாகோவில் ஹவ்லின் வுல்ஃப் குழுவில் வாசித்துவந்த கறுப்பினக் கலைஞர்கள். ஆலையில் தொழிலாளி பழகும் மின்சாரம் பாட்டில் மட்டும் தீட்டோ?

அப்படியானால் பாடகரைக் கேள்வி கேட்கவே கூடாதா? கேட்கவேண்டும். இங்கிலாந்தின் யுவான் மக்கோல், இரும்பு வார்ப்படத் தொழிலாளியின் மகன், தாமே பாட்டுக்காரர். 1965 செப்டம்பரில் டிலானைக் கடுமையாகச் சாடினார். கவிதை மட்டம், திறமை நடுத்தரம் என்றார். தீர்ப்பை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் தராசில் வைத்தது சொல்லை. அது முறையான விமர்சனம்.

1966 மே 17-ல் மான்செஸ்டர் அரங்கில் நடந்ததோ வேறு. தனிக் கிதாருடன் பாடிய முற்பாதியை அமைதியாகக் கேட்டவர்கள், கோஷ்டி ஏறிய பிற்பாதியில் கொந்தளித்தார்கள். 'யூதாஸ்!' என்று ஒருவர் கத்திய குரல் ஒலிப்பதிவில் இன்றும் கேட்கிறது. சீட்டு வாங்கியவருக்குக் கத்த உரிமையுண்டு. ஆனால் காட்டிக்கொடுத்தவன் என்பவர், யாரைக் காட்டிக்கொடுத்தான் என்றும் சொல்லவேண்டுமல்லவா? டிலான் இயக்கத்தைவிட்டு ஒதுங்கினார் என்பது உண்மை. அதைக் குறையாகச் சொல்லியிருந்தால் நியாயம். கிதாரில் மின்சாரம் பாய்ந்ததே குற்றம் என்றால் எப்படி?

பாட்டு என்ன ஆயிற்று? 1980-ல், மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பிரதமராக இருந்தபோது, கவன்ட்ரி நகரத்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த 'தி ஸ்பெஷல்ஸ்' குழு 'மேகீஸ் ஃபார்ம்' பாட்டைத் தட்டில் பாடியது. மார்கரெட்டைச் சுருக்கினால் மேகி! எந்தப் பண்ணை, யார் எசமானி என்று எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பாடியவர் ஒதுங்கினார், பாட்டு ஒதுங்கவில்லை.

புதுத் தட்டு எது வந்தாலும் நாம் கேட்கவேண்டியவை இரண்டே. சொல் காதில் விழுகிறதா? அது யார் பக்கம் நிற்கிறது? இரண்டுக்கும் விடை தெரிந்தபின் கைதட்டுவோம். தேவையானால் கூச்சலும் போடுவோம். அதற்கு முன்னால், பாட்டை முழுவதும் கேட்போம்.