எல்லையோர வகுப்பறை – 7: வாய் திறக்காத பிள்ளை

"சார், இவன் வாயே தொறக்க மாட்டேங்கிறான். மந்தமா இருப்பான் போல."

பள்ளி திறந்த சில வாரங்களில், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரிப் பக்கம் ஒன்றாம் வகுப்பு டீச்சர்களிடம் வழக்கமாகக் கேட்கிற புகார் இது. வீட்டில் கேட்டால், "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சு தாயத்து கட்டிட்டோம்" என்பார்கள். இரண்டு தீர்ப்பும் எழுதி முடித்த பிறகுதான் பிள்ளை எங்களிடம் வருகிறது.

நான் முதலில் விசாரிப்பது வீட்டைத்தான். இந்த எல்லையோரத்தில் தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், இன்னொரு தெருவில் உருது. சிப்காட் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் இந்தியும் ஒடியாவும் இப்போது சேர்ந்திருக்கின்றன. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ், ஒன்றாம் வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடம். வீட்டில் புழங்காத மொழி நடக்கும் வகுப்பில் உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளை, சில மாதங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும். அது இயல்பு.

'செலக்டிவ் மியூட்டிசம்' என்றொரு பதற்றக் கோளாறு உண்டு. வீட்டில் கலகலவென்று பேசும் பிள்ளை, பள்ளியில் மட்டும் ஊமையாகிவிடும். ஆனால் அதற்கான மருத்துவ வரையறையே இரண்டு எச்சரிக்கை சொல்கிறது: பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்து மௌனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, மொழி தெரியாததால் வரும் மௌனத்தையும் சேர்க்கக் கூடாது.

அதனால் மைதானத்தில் கவனிக்கிறேன். "அன்னம் தின்னாவா?" என்று தெலுங்கில் கேட்டதும் முகம் மலர்ந்து பதில் வந்தால், அவனுக்குத் தேவை காலமும் மொழியும்தான். வீட்டிலும் பேச்சில்லையா? முதலில் காதைச் சோதிக்க வேண்டும். நன்றாகப் பேசிய பிள்ளை திடீரென்று நிறுத்திக்கொண்டதா? அங்கேதான் கவலை. குடி, அடி, இழப்பு, அத்துமீறல் என்று எதுவும் பின்னால் இருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளியில் மனநல ஆலோசகர் என்று நிரந்தரப் பணியிடம் கிடையாது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சூளகிரி வழியாகப் போகும் நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால், பெங்களூரின் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ். நாட்டின் பெரிய மனநல நிறுவனம் பஸ் தூரத்தில்தான். ஆனால் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்கு அந்தப் பயணம் ஒரு நாள் சம்பளம். போய்வந்தால் "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்ற ஊர்ப்பேச்சு வேறு.

ஆகவே, முதல் சிகிச்சை வகுப்பறையில்தான் நடக்க வேண்டும். எழுப்பி நிறுத்தி "பேசு" என்று வற்புறுத்தாதீர்கள். அவன் மொழி தெரிந்த இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தலையாட்டலையும் படத்தைத் தொட்டுக் காட்டுவதையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். 'மந்தம்' என்று மட்டும் பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் ஒட்டிய பட்டம் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

(அடுத்த வாரம்: அம்மாவுக்கு நைட் ஷிப்ட்)