வீட்டில் விக்டோரியா காசு இருக்கா? விற்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

‘இந்த நாணயம் உங்ககிட்ட இருந்தா நீங்க லட்சாதிபதி!’ இப்படி ஒரு ரீல்ஸ் பார்க்காதவர்கள் குறைவு. நம்பி, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த காசைப் போட்டோ எடுத்து அனுப்பினால் உடனே பதில் வரும்: ‘நாங்களே வாங்கிக்கிறோம். ரிசர்வ் வங்கிக் கட்டணத்தை மட்டும் முதலில் கட்டுங்க.’ சிக்கலே அங்கேதான்.

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது. காசை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்பவரிடமே பணம் கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பழசு என்றாலே விலை அதிகமா?

இல்லை. எத்தனை நாணயம் மிச்சமிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். ஐந்தாம் ஜார்ஜ் காலணாக்கள் கோடிக்கணக்கில் வெளியானவை. இன்றும் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் அதே மன்னரின் 1911 வெள்ளி ரூபாய்க்குத் தனி மவுசு. அவரது அங்கியில் இருந்த யானை, பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பகுதி உருக்கப்பட்டு, 1912-ல் உருவம் திருத்தப்பட்டது.

அசலா, போலியா?

நகைக்கடைத் தராசும் ஒரு காந்தமும் போதும், முதல்கட்ட சோதனை முடிந்துவிடும். 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். தேய்ந்திருந்தால் எடை கொஞ்சம் குறையலாம். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1947 ரூபாய் மட்டும் ஒட்டும், அது நிக்கல்.

ராமர், அனுமன் உருவத்தோடு ‘கிழக்கிந்திய கம்பெனி 1818’ என்று போட்ட செப்புக் காசுகளை ‘அபூர்வம்’ என்று விற்பார்கள். அவை பிற்காலத்தில் செய்த டோக்கன்கள்; ஒருநாளும் புழக்கத்தில் இருந்ததில்லை. அதற்காகச் சாமி உருவம் இருந்தாலே போலி என்றும் சொல்ல முடியாது. 1800-களின் தொடக்கத்தில் மெட்ராஸில் வெளியான அரை வராகன் வெள்ளிக் காசில், ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் என நான்கு மொழி எழுத்துகளும் உண்டு.

கடலில் மூழ்கிய மெட்ராஸ் காசு

1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரை அருகே மூழ்கியது. மெட்ராஸுக்காக இங்கிலாந்தில் அச்சிட்ட செப்புக் காசுகள் டன் கணக்கில் அதில் இருந்தன. 1980-களில் அவற்றில் பெருமளவு மீட்கப்பட்டது. 1808 என்று ஆண்டு பொறித்த இந்த 10 காசு, 20 காசு நாணயங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் கைமாறுகின்றன. நம்ம ‘காசு’தான் ஆங்கிலேயர் வாயில் ‘கேஷ்’ ஆகி, அந்த நாணயத்தின் பெயராகவே நின்றது.

எங்கே தொடங்கலாம்?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை கைக்கெட்டும் தூரம். பழைய பொருட்களுக்கு நடுவே நாணயங்களும் கண்ணில் படும். அதற்கு முன் மின்சார ரயில் ஏறி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துவிடுங்கள். அசலைப் பார்த்துப் பழகிய கண் போலியில் சீக்கிரம் ஏமாறாது.

வாங்கிய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். 100 ஆண்டு தாண்டிய நாணயங்கள் 1972 சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு நண்பருக்குப் பரிசாகத் தர நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

லட்சம் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் ஒவ்வொரு காசும் ஒரு வரலாற்றுப் பாடம். அதற்கு யாரிடமும் முன்பணம் கட்ட வேண்டியதில்லை.