ஸ்டேட்டஸைப் பார்த்தது யாரு?

நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி, தேன் என்று நம்ம குழுக்கள் செய்யும் பொருள்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோம். “80 பேர் பார்த்தாச்சு, ஒரு ஆர்டர்கூட வரல்லியே” என்று கேட்கிறவங்க உண்டு. குழுக் கடனை எடுத்து விளம்பரத்துக்குக் கொடுக்கும் முன், பார்த்தது யார் என்று கவனியுங்க.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். கீழே உள்ள கண் படத்தைத் தொட்டால் பார்த்தவங்க பெயரும் நேரமும் வரும். அதில் பாதிப்பேர் நம்ம குழுக்காரங்களா? அவங்க வீட்டிலேயே சிப்ஸ் வறுப்பாங்க, எதுக்கு வாங்கணும்! சென்னையிலும் வளைகுடா நாட்டிலும் இருக்கும் ஊர்க்காரங்க நம்பரைச் சேருங்க. அவங்களும் நம்ம நம்பரைப் பதிந்து வைத்தால்தான் ஸ்டேட்டஸ் அவங்களுக்குத் தெரியும்.

தீர்மான நோட்டு போல இதுக்கும் ஒரு நோட்டு போடுங்க. பார்த்தவர், விலை கேட்டவர், வாங்கியவர் என்று தினமும் எழுதணும். பார்த்தவர் பலர், கேட்டவர் சிலர் என்றால் படத்தை மாற்றுங்க. எடையும் விலையும் படத்திலேயே இருக்கட்டும். கேட்டுட்டு வாங்காமல் போனால், பார்சல் செலவு கையைக் கடிக்குதா என்று விசாரியுங்க. ஒரே ஊரில் இரண்டு மூன்று பேர் ஆர்டரை ஒரே பார்சலாக அனுப்பலாம். ஓணத்துக்கு எத்தனை நாள் முன்னே சிப்ஸ் கேட்கத் தொடங்குறாங்க என்பதும் நோட்டில் தெரியும். அதுக்கேற்ப காய்க்குச் சொல்லி வைக்கலாம்.

நீல டிக்கை நிறுத்தி வைத்தவங்க பெயர் மட்டும் பட்டியலில் வராது. அவங்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கோங்க.