கறுப்பிலும் வெள்ளையிலும் இலங்கையைக் கண்டவர்

இலங்கையின் எழிலைக் கூறப் புகுவோர் முதலிற் கூறுவது அதன் வண்ணங்களையே. நீலக் கடலும் பச்சை வயலும் செம்மண் பாதையும் எவர் கண்ணையும் கவர்வன. இவ்வண்ணங்கள் யாவற்றையும் விலக்கி, ஒளியையும் நிழலையும் மாத்திரமே கொண்டு இந்நாட்டைக் காட்டிய கலைஞர் ஒருவர் கொழும்பில் வாழ்ந்தார். அவரே லயனல் வென்ட்.

பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த நீதியரசர் ஒருவரின் மைந்தராக 1900இற் பிறந்த அவர், இலண்டன் மாநகரிற் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் நாடு திரும்பினார். வழக்கறிஞர் தொழில் அவர் மனத்தைப் பிணிக்கவில்லை. இசையில் ஈடுபட்ட அவ்விரல்கள், 1930களிற் புகைப்படக் கருவியைப் பற்றிக்கொண்டன.

வெள்ளவத்தை வாசகர்கட்கு உவப்பானதொரு செய்தி உண்டு. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, 1929இற் கொழும்பில் தூதரக அதிகாரியாகப் பணியாற்றியபோது வெள்ளவத்தைக் கடலோரத்தில் வசித்தார். தனிமையில் வாடிய அவருக்கு, வாரந்தோறும் சைக்கிளிற் புத்தக மூட்டை அனுப்பி உதவியவர் வென்ட் என்பதை நெருடாவே தம் நினைவுக் குறிப்புகளிற் பதிந்துள்ளார்.

1934இல் பசில் ரைட் இயக்கிய 'இலங்கையின் கீதம்' என்ற ஆவணப்படத்தில் ஒலிப்பதும் வென்டின் குரலே. 1938இல் இலண்டனில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

தென்னையும் கடலும் பழைய சிற்பங்களும் உழைப்போர் உடலும் அவர் படங்களிற் புதுமெருகு பெற்றன. மாணவர்கள் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் வெளிறிப் போவது இயல்பு. வில்லைமுன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினால் வானம் இருண்டு, முகில்கள் துலங்கும். வென்டோ இருட்டறையிலும் புதுவழி கண்டார். பாதி துலங்கிய படத்தின்மீது கணநேரம் ஒளிபாய்ச்சி, உருவங்களின் விளிம்பிற் கோடு தோன்றச் செய்யும் முறையையும் அவர் திறம்படக் கையாண்டார்.

1943இல் அவர் ஊக்கத்தால் '43 குழு' என்னும் ஓவியர் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே, 44 வயதில், அவர் காலமானார். அவருடைய மூலச் சுருள்கள் பின்னர் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சிட்ட படங்களும், 1950இல் வெளிவந்த நூலுமே. அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் 1953இல் எழுந்ததே லயனல் வென்ட் அரங்கு.

மூலச் சுருள் அழிந்தால், அதிலிருந்து மற்றொரு படம் எடுத்தல் இயலாது. 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு குடும்பப் படங்களையும் பறிகொடுத்தோர் நம்மிடையே பலர். அவர்கட்கு இவ்விழப்பை விளக்கவேண்டியதில்லை. ஆதலின் மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருப்பின், பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டு, ஊரையும் ஆண்டையும் படத்திலுள்ளோர் பெயரையும் பின்புறத்தில் மெல்லெனப் பென்சிலால் எழுதிவையுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம்.